மூன்று மாத உத்தரவாதம்

வியாபாரம் என்பது பண்டத்தையும் பணத்தையும் கைமாற்றிக்கொள்ளும் காரியம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் வரையில் அந்த எண்ணத்தால் பெரிய கெடுதி ஒன்றும் நேராது. காயைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம்; சொத்தையாயிருந்தால் கூடையிலேயே போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். கண்ணால் பார்த்துத் தரம் அறிய முடியாத பண்டங்களை வாங்கும்போதுதான் பண்டம், பணம் ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் கைமாறுகிறது. அதுதான் வாக்கு. இரும்புக் கூட்டுக்குள் செப்புக் கம்பி சுற்றி மூடப்பட்ட ஒரு மோட்டார்ச் சாமானை வாங்குகிறவன் அதன் உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்பதை எவ்வாறு அறிவான்? விற்கிறவனே பல சமயங்களில் அறியமாட்டான். ஆகவே, "இது இத்தனை மாதம் உழைக்கும், உழைக்காவிட்டால் நான் பொறுப்பு" என்று விற்கிறவன் சொல்லுகிறான். அந்தச் சொல்லை நம்பியே வாங்குகிறவன் பணத்தை எண்ணி வைக்கிறான். இதற்கு உத்தரவாதம் என்று பெயர். பட்டறைகளிலும் சாமான் கடைகளிலும் வாரண்டி என்று வழங்குவதும் இதுவே.

எழுதுவதற்கு எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, மோட்டார்ச் சாமானின் வாரண்டியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மோட்டார் வண்டிக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாடுகளில் மோட்டார் வண்டிகள் பெருகி, அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் ஏராளமாகத் தேவைப்பட்டதால்தான் மலாயாவின் காடுகள் தோட்டங்களாக மாறின. அத்தோட்டங்களில் பால்மரம் சீவுவதற்கே நம் முன்னோர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறி வந்தனர். அன்று நம்மவரின் உழைப்பு சக்கரமாய் ஓடிற்று. வண்டியில் ஏறிச் சென்றவர்கள் வேறு. இன்று நாமும் ஏறிச் செல்கிறோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஏறும் வண்டி எது? பிறர் 10 ஆண்டு, 15 ஆண்டு ஓட்டி முடித்துக் கைமாற்றிய வண்டி. அதனை உல்லாசத்துக்காக வாங்கியவர் சிலரே. பஸ் எட்டிப் பார்க்காத தோட்டத்திலிருந்தும், பட்டணத்து ஓரத்து அடுக்கு வீட்டிலிருந்தும் விடியுமுன் தொழிற்சாலைக்குப் போகவேண்டியவருக்கு வண்டி நின்றால் அன்றைய சம்பளம் நின்றது என்றே பொருள்.

இத்தகைய வண்டிகளுக்கு உற்பத்தியாளர் கொடுத்த உத்தரவாதம் எப்போதோ முடிந்து போயிருக்கும். மிஞ்சியிருப்பது, பழுதானபோதெல்லாம் மாற்றிப் போடும் சாமான்களுக்குக் கடைக்காரரும் பட்டறைக்காரரும் கொடுக்கும் சிறு சிறு உத்தரவாதங்கள்தாம்: ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், அருமையாக ஓராண்டு. ஏழையின் வண்டி ஓடுவது இந்தச் சிறு வாக்குகளின் மேல்தான். அவ்வாக்கு பொய்த்தால் அவன் ஒரே சாமானுக்கு இரண்டு முறை விலை கொடுக்கிறான். இதனால்தான் இவ்விஷயத்தைச் சிறியதென்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

வழக்குகள் எங்கே முளைக்கின்றன என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு சாமான் நம் வண்டிக்கு வந்து சேருமுன் பல கைகளைக் கடக்கிறது. இறக்குமதி செய்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர், பட்டறைக்காரர், கடைசியில் நாம். சாமானிலும் பல வகையுண்டு. வண்டியைச் செய்த கம்பெனியே தன் பெயரிட்டு விற்கும் ஒரிஜினல் ஒன்று. அதே அளவில் பிற கம்பெனிகள் செய்வது ஒன்று. பழையதைப் பிரித்துச் சில உறுப்புகளை மாற்றிப் புதுப்பித்த ரீகண்டிஷன் ஒன்று. ஜப்பானில் ஓடிய வண்டிகளை இரண்டாக அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து, அவற்றிலிருந்து கழற்றி விற்கும் ஹாஃப் கட் சாமான் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, ஆயுள் வேறு, உத்தரவாதமும் வேறு. வாங்குகிறவரிடம் இந்த வேற்றுமையை விளக்கிச் சொல்லும் பட்டறைக்காரர் உண்டு. சொல்லாமல் மாட்டி அனுப்புகிறவரும் உண்டு. பிற்பாடு எழும் சண்டைகளில் பாதி இந்த இடத்திலேயே வித்தூன்றப்படுகிறது.

முதலாவது வழக்கு கூலியைப் பற்றியது. கிளட்ச் பிளேட் ஒன்றை மாற்றவேண்டுமானால் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். சாமானின் விலையைக் காட்டிலும் இறக்கி ஏற்றும் கூலி அதிகமாவதுண்டு. இரண்டு மாதத்தில் அது பழுதானால், "சாமானுக்குத்தான் வாரண்டி, கூலிக்கு இல்லை" என்கிறார்கள். சாமான் இலவசமாக வருகிறது; ஆனால் வண்டிக்காரர் முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் மறுபடியும் கொடுக்கிறார். உத்தரவாதம் என்று பெயர் இருந்தும் பயன் என்ன?

இரண்டாவது, காரணத்தைப் பற்றியது. சாமான் கெட்டது அதன் குறையாலா, மாட்டியவரின் குறையாலா, ஓட்டியவரின் குறையாலா? குளிர்சாதனக் கம்பிரஸர் ஒன்று உடைந்தால் அதன் இரும்புத் துகள்கள் குழாய்களில் பரவியிருக்கும். குழாய்களைக் கழுவி, ஈரம் உறிஞ்சும் வடிகட்டியையும் மாற்றிய பிறகே புதுக் கம்பிரஸரை மாட்டவேண்டும். காசை மிச்சம் பிடிப்பதற்காக இவற்றை விட்டுவிட்டால் புதியதும் சீக்கிரத்தில் கெட்டுப் போகும். அப்போது கடைக்காரர் பட்டறையைக் கைகாட்டுவார். பட்டறைக்காரர் கடையைக் கைகாட்டுவார். இருவரும் சேர்ந்து வண்டிக்காரரைக் கைகாட்டுவதும் உண்டு.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. சிறு சாமான் ஒன்று அறுந்து பெருஞ்சேதத்தை விளைவிப்பது. டைமிங் பெல்ட் என்பது ரப்பர்ப் பட்டை. எஞ்சினோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். ஓடும்போது அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவை வளைந்து போகும். எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றிப் பழுது பார்க்க ஆயிரக்கணக்கில் செலவாகும். அந்நிலையில், "பெல்ட்டுக்கு வாரண்டி உண்டு, இதோ புதுப் பெல்ட்" என்று ஒரு பட்டையைக் கையில் கொடுத்தால், வீடு எரிந்தவனுக்குத் தீப்பெட்டியின் விலையைத் திருப்பிக் கொடுப்பது போலாகாதா?

நான்காவது, காலக் கணக்கைப் பற்றியது. மூன்று மாத உத்தரவாதமுள்ள சாமான் இரண்டாவது மாதத்தில் மாற்றிக் கொடுக்கப்பட்டால், புதியதற்கு மறுபடியும் மூன்று மாதமா, எஞ்சிய ஒரு மாதம் மட்டுமா? எஞ்சியதே என்பது பெரும்பாலான கடைகளின் வழக்கம். ஆனால் அவ்வழக்கத்தை முன்கூட்டி வாயால் சொல்லுகிறவர் அரிது.

இனி, நம் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்வது பொருத்தம்.

நமது தாயாருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலற்றுப் போனமையால், வாரத்தில் 3 நாள் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு அவரை அழைத்துச் செல்லவேண்டும். காலை 6 மணிக்கு அங்கே இருக்கவேண்டுமாதலால் இருட்டிலேயே புறப்படவேண்டும். நம்மிடம் இருப்பது 16 ஆண்டு ஓடிய வண்டி. அதன் ஆல்டர்னேட்டர் பழுதாயிற்று. எஞ்சின் ஓடும்போது மின்சாரத்தை உண்டாக்கிப் பேட்டரிக்கு ஊட்டும் கருவி அது. அது நின்றால் சிறிது நேரத்தில் விளக்கு மங்கும். பிறகு எஞ்சினே நின்றுவிடும். நமக்கு அறிமுகமான பட்டறையில், புதுப்பித்த ஆல்டர்னேட்டர் ஒன்றை 280 வெள்ளிக்கு வாங்கி, 60 வெள்ளி கூலியில் மாட்டினார்கள். பட்டறைக்காரர் நம்மவரே, தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் எடுபிடியாய்ச் சேர்ந்து தொழில் கற்று, கடன் வாங்கிச் சொந்தமாகப் பட்டறை வைத்த இளைஞர். இரசீதில் தம் கையாலேயே "3 மாதம்" என்று எழுதிக் கொடுத்தார்.

10 வாரம் கழிந்தது. ஒரு நாள் விடியற்காலையில், தாயாரை ஏற்றிக்கொண்டு பாதி வழி சென்றபோது பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. எப்படியோ நிலையத்தை அடைந்தோம். திரும்பும்போது வண்டி கிளம்பவில்லை.

பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். இளைஞர் கடைக்குப் பேசினார். கடையிலிருந்து வந்த விடை இது: "பேட்டரி பழையதாயிருக்கும், அதற்கு ஓயாமல் மின்சாரம் ஊட்டியே ஆல்டர்னேட்டர் எரிந்திருக்கும். மேலும் மின்சாரச் சாமான்களுக்கு உத்தரவாதம் கிடையாது. பில்லைப் பாருங்கள்." பில்லைப் பார்த்தோம். கடை பட்டறைக்குக் கொடுத்த பில்லின் அடியில், மூக்குக் கண்ணாடி போட்டும் சிரமப்பட்டே படிக்கத்தக்க எழுத்தில் அவ்வாறு அச்சிட்டிருந்தது. அந்த இளைஞரும் அதை அன்றுதான் படித்தார்.

"அண்ணே, நான் என்ன செய்வது? கடை எனக்குத் திருப்பிக் கொடுத்தால்தானே நான் உங்களுக்குக் கொடுக்க முடியும்?" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. பலஹீனமான பேட்டரி ஆல்டர்னேட்டரை வருத்தும் என்பதும் உண்மையே. ஆகவே கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பரீட்சை செய்து பார்ப்பதே நியாயமென்று தோன்றிற்று. பேட்டரி விற்கும் வேறொரு கடையில், அதற்கு முழுதும் மின்சாரம் ஏற்றிச் சுமை கொடுத்துச் சோதித்தார்கள். நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அதே பேட்டரியை வண்டியில் மாட்டி எஞ்சினை ஓடவிட்டு அளந்தபோது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தது. ஆல்டர்னேட்டர் ஒழுங்காய் இயங்கினால் ஏறக்குறைய 14 இருக்கவேண்டும். கடையின் முதல் காரணம் நிற்கவில்லை. இரண்டாவது காரணமான அச்செழுத்தைப் பற்றி நாமே சட்டத்தைப் படித்தறிந்தோம். பட்டறைக்கும் கடைக்கும் ஒரே கடிதத்தை எழுதி, பரீட்சைத் தாளின் நகலையும் இரசீதின் நகலையும் வைத்து, 14 நாளில் பரிகாரம் செய்யாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவோம் என்று தெரிவித்தோம். 9ஆம் நாள் கடையிலிருந்து வேறு ஆல்டர்னேட்டர் வந்தது.

அந்த 9 நாளில் தாயாரை 4 முறை நிலையத்துக்கு அழைத்துச் சென்று திரும்ப வாடகை வண்டிக்கு 160 வெள்ளி ஆயிற்று. மாட்டும் கூலியைக் கடை தர மறுத்துவிட்டது. அதைப் பட்டறை இளைஞரே பொறுத்துக்கொண்டார். 160 வெள்ளியையும் நாம் கேட்டிருக்கலாம். கேட்டால் அது யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை. பழுதான சாமானை விற்ற கடைக்கு நஷ்டம் ஒரு ஆல்டர்னேட்டர். அதுவும் அவர்களுக்கு வந்த விலையில். அதை நம்பி மாட்டிய தொழிலாளிக்கோ அரை நாள் உழைப்பு வீண். இதை நினைக்கும்போது இன்றும் நம் மனம் சமாதானம் அடைவதில்லை.

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். மலேசியாவில் 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், விற்கும் பண்டம் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும் என்று முன்னரே கூறியது. ஆனால் இரு தரப்பாரும் வெளிப்படையாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அப்பொறுப்பை நீக்கிக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் இடங்கொடுத்தது. வலியவன் எழுதுவதும் எளியவன் கையெழுத்திடுவதுமே ஒப்பந்தம் என்றிருக்கும் உலகத்தில், அந்த ஓட்டை வழியே உரிமை முழுதும் ஒழுகிப் போயிற்று. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, பயனீட்டாளருக்கு விற்கும் பண்டம் ஏற்கத்தக்க தரமுடையதாயிருக்க வேண்டும். அதாவது, வாங்கிய காரியத்துக்குப் பயன்படவும், ஆபத்தின்றி இருக்கவும், நீடித்து உழைக்கவும் வேண்டும். வேலை செய்து கொடுப்பவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும். இவற்றை எந்த ஒப்பந்தத்தாலும், எந்த அச்செழுத்தாலும் நீக்கிவிட முடியாது.

இதன் பொருளை நம் அன்பர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் மூன்று மாதம் என்பது சட்டம் கொடுக்கும் உரிமைக்கு மேலாகச் சேர்வது. அதற்கு ஈடாக நிற்பதன்று. "உத்தரவாதம் இல்லை" என்று சுவரில் எழுதி மாட்டினாலும் சட்டத்தின் உத்தரவாதம் நின்றுகொண்டே இருக்கிறது. பண்டத்தின் குறையால் விளையக்கூடுமென்று முன்னரே எதிர்பார்க்கத்தக்க நஷ்டத்தையும் கேட்க அச்சட்டம் இடந்தருகிறது. டைமிங் பெல்ட் அறுந்து வளைந்த வால்வுகளின் கணக்கு இங்கேதான் வரும். எனினும், விலையையும் பண்டத்தின் தன்மையையும் கருதியே தரம் மதிக்கப்படும். அறுத்துக் கொண்டுவந்த பழஞ்சாமானை மலிவாக வாங்கிவிட்டுப் புதியதன் ஆயுளை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வழக்கை எங்கே கொண்டு போவது? வக்கீல் கூலி கொடுக்க முடியாதவர்களுக்காகவே அச்சட்டம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை ஏற்படுத்திற்று. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான வழக்குகளையே விசாரித்த அம்மன்றம், 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரையில் விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கு எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போகவேண்டும். பொதுவாக வக்கீலுக்கு அங்கே இடமில்லை. கட்சிக்காரரே தம் வாயால் பேசலாம். மன்றம் அளித்த தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாமற் போவது தண்டனைக்குரிய குற்றம். ஒன்றை மட்டும் மறத்தல் கூடாது. இச்சட்டம் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கே உரியது; லாரி வைத்துத் தொழில் நடத்துகிறவர் தம் லாரிச் சாமானுக்காக இம்மன்றத்தை நாட முடியாது. பட்டறை இளைஞர் கடையின் மேல் இங்கே வழக்கிட முடியாமற் போவதும் இதனாலேயே. சட்டம் நமக்குத் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. நடுவில் நிற்கும் சிறு தொழிலாளிக்கும் சுலபமான ஒரு வழி வேண்டும் என்பது நமது துணிபு.

ஜோகூர்ப் பாலத்துக்கு அப்பாலுள்ள நம் சகோதரர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1ஆம் நாள் முதல், வாங்கிய 6 மாதத்துக்குள் ஒரு பண்டத்தில் குறை தோன்றினால், அக்குறை கொடுத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிக்கும் பாரம் விற்றவரைச் சேரும். பழைய வண்டிகளுக்கும் இது பொருந்தும். 'லெமன்' சட்டம் என்று அங்கே வழங்குவது இதுவே. காரணத்தைப் பற்றிய வழக்கில் யார் நிரூபிப்பது என்பதே உயிர்நிலை என்பதை முன்னர்க் கண்டோம். அந்த உயிர்நிலையில் சட்டம் கைவைத்தது பாராட்டத்தக்கது. அங்குள்ள சிறு வழக்கு நடுவர் மன்றம், 2019 நவம்பர் முதல், 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பாரும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கிறது. 2 ஆண்டுக்குள் போகவேண்டும். இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. புது வண்டி விற்கும் கம்பெனிகள், வெளிப் பட்டறையில் வேலை பார்த்தால் உத்தரவாதம் செல்லாது என்று நெடுங்காலம் கட்டுப்படுத்தி வந்தன. சிங்கப்பூரின் போட்டி ஆணையம் விசாரித்து 2017ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது; முக்கிய விற்பனையாளர்கள் அக்கட்டுப்பாட்டை நீக்க இசைந்தனர். ஒரு வண்டியை யார் தொட்டார் என்பதைக் கொண்டு உத்தரவாதத்தை மறுக்காமல், தொட்டதனால் சேதம் உண்டாயிற்றா என்று பார்ப்பதே முறை. நம் கடைக்காரர்களும் இந்த நியாயத்தைப் பின்பற்றினால் பாதி வழக்குகள் ஒழியும்.

உரிமையைப் பேசும்போது கடமையையும் பேசத்தான் வேண்டும். எஞ்சின் கொதிக்கும் முள் சிவப்பைத் தொட்ட பிறகும், "வீடு கிட்டத்தானே" என்று 10 மைல் ஓட்டி வந்து, பிறகு ரேடியேட்டர் விற்றவரிடம் புது எஞ்சின் கேட்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். எண்ணெய் மாற்றாமல் ஓட்டிவிட்டு டர்போ கெட்டதென்று கூச்சலிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக் கட்டை தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. அது தேய்ந்ததற்கு யார் மேலும் குறைகூற முடியாது. பொய் வழக்கு ஒன்று பத்து மெய் வழக்குகளுக்கு வழியடைக்கும். கடைக்காரர் முகத்தைக் கடுமையாக்கிக் கொண்டதற்கு இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது.

செய்யவேண்டியவை பெருங்காரியங்களல்ல. சாமானின் வகை என்ன, புதியதா புதுப்பித்ததா பழையதா, உத்தரவாதம் எத்தனை நாள், கூலியும் அதில் அடங்குமா, என்னென்ன செய்தால் அது செல்லாது போகும் என்று மாட்டுவதற்கு முன்பே கேட்கவேண்டும். தேதியும், வண்டி எண்ணும், ஓடிய கிலோமீட்டரும், உத்தரவாதக் காலமும் இரசீதில் எழுதப்பட வேண்டும். வெப்பத்தால் எழுத்துப் பதியும் வழவழப்புத் தாள் நம் ஊர் உஷ்ணத்தில் சில மாதங்களில் வெளுத்துவிடும்; ஆகவே அன்றைக்கே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால், ஆபத்தில்லாத இடம் பார்த்து வண்டியை நிறுத்தவேண்டும். பழுதான சாமானை, விற்றவர் பார்க்குமுன் வேறொருவரைப் பிரிக்கவிடலாகாது. பிரித்தால் வழக்கும் அங்கேயே பிரிந்துபோகும். வாயால் சண்டையிடுவதைக் காட்டிலும் அரைப் பக்கம் எழுதுவது மேல். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டு மாணவன் எழுதிக் கொடுக்கலாம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற ஸ்தாபனங்களும் வழிகாட்டுவதற்கு இருக்கின்றன.

இவ்வளவும் எளிதாயிருக்க, நம்மவர்கள் ஏன் செய்வதில்லை? நாம் பலரைக் கேட்டதுண்டு. "போகட்டும் ஐயா, அவர்களோடு நமக்கென்ன வம்பு" என்பதே பெரும்பாலோர் விடை. 300 வெள்ளி நஷ்டமாயிருக்கும். அதைச் சம்பாதிக்க ஒரு வாரம் முதுகு ஒடிந்திருக்கும். ஆனாலும் ஒரு தாளை நீட்டி, "இதில் எழுதியபடி செய்யுங்கள்" என்று சொல்ல நா எழுவதில்லை. வேறு சிலர் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள்? "முதலாளி, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள், பிள்ளைகுட்டிக்காரன்" என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்கிறார்கள். கடைக்காரர் மனமிரங்கினால் கிடைக்கும்; இல்லாவிட்டால் இல்லை.

இந்தப் பழக்கம் வானத்திலிருந்து குதித்ததன்று. நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்துக் கடைக் கணக்கு கடைக்காரரின் புத்தகத்தில் இருந்தது. முன்பணக் கணக்கு கங்காணியின் புத்தகத்தில் இருந்தது. பேர்க் கணக்கு கிராணியின் புத்தகத்தில் இருந்தது. உழைத்தவன் கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. எழுத்து என்பது தன்னைக் கட்டுவதற்காகப் பிறர் வைத்திருக்கும் கயிறு என்றே அவன் கண்டான். அதன் ஒரு முனை தன் கையிலும் இருக்கக்கூடும் என்பதை அவனுக்குச் சொன்னவர் யார்? தோட்டத்தை விட்டு வந்து, பள்ளிக்கூடம் கண்டு, பட்டணத்தில் வீடெடுத்த பேரப் பிள்ளைகளின் தோளிலும் அந்தப் பழைய கூச்சம் இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். உத்தரவாதம் விற்கிறவர் செய்யும் தயவன்று. அதற்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறோம். உத்தரவாதமில்லாத ஆல்டர்னேட்டர் இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கும். 280 வெள்ளியில் ஒரு பகுதி இரும்புக்கும் செம்புக்கும் போயிற்று. ஒரு பகுதி அந்த மூன்று மாத வாக்குக்குப் போயிற்று. விலை கொடுத்து வாங்கியதைக் கேட்பதற்குத் தலையைச் சொறிய வேண்டியதில்லை; குரலை உயர்த்தவும் வேண்டியதில்லை. கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்கும்போது நாம் கெஞ்சுகிறோமா? உத்தரவாதமும் நமக்குச் சேரவேண்டிய மிச்சக் காசு போன்றதே.

பட்டறை வைத்திருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கடை உங்களுக்குக் கொடுக்காத வாக்கை நீங்கள் வாடிக்கைக்காரருக்குக் கொடுக்காதீர்கள். சாமான் எடுக்கும்போதே உத்தரவாதத்தைக் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருவராய்க் கேட்டால் கொடுக்காத கடை, ஒரு வட்டாரத்துப் பட்டறைகள் எல்லாம் சேர்ந்து கேட்டால் கொடுக்கும். நம் வண்டியில் உங்கள் அரை நாள் கூலி வீணானதுபோல் இன்னொருவர் வண்டியில் வீணாகாமலிருக்க அதுவே வழி.